பந்தாட்டக்காரர்களுக்குச் சொன்ன செபமாலை

நாற்பதை நெருங்கிவிட்டோம். உங்களில் இரண்டு பேருக்குத் தலை வழுக்கை, எனக்குக் காதோரம் நரை. போன மாதம் கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே மேசையில் இருந்தபோது நீங்கள்தான் அந்தக் கதையை எடுத்தீர்கள். "எடியே, உன்ரை கொம்மா பேஸ்போல்காரருக்குச் செபமாலை சொன்னவ, ஞாபகமிருக்கோ?" என்று கேட்டு மேசையைத் தட்டிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கதையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மிச்சத்தை இதில் எழுதுகிறேன். வாசித்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

ஈராக் சண்டை தொடங்கிய வருடம் அது. நாம் இருந்த ஜெர்மன் நகரமான டார்ம்ஸ்டாட்டில் அப்போது அமெரிக்கப் படைமுகாம் இருந்தது. அப்பா அதன் சமையற்கூடத்தில் சட்டி கழுவினார், தரை துடைத்தார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினால் பொரித்த எண்ணெயும் குளோரினும் சேர்ந்து மணக்கும். அந்தக் கோட்டுப் பையிலிருந்துதான் பேஸ்போல் ஆட்டக்காரர்களின் பட அட்டைகள் வந்தன. அங்கே செம்பட்டைத் தலையோடு ஒரு சமையற்காரச் சிப்பாய் இருந்தான். அவன் ஓய்வு நேரத்தில் பைக்கற்றுகளை உடைத்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்பாவிடம் தள்ளிவிடுவான். "உன் மகனுக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பானாம். மகன் இல்லை, மகள் என்று சொல்ல அப்பாவுக்கு ஆங்கிலம் காணாது. சொல்லவும் முயலவில்லை.

அட்டைகளின் வழுவழுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாக உடைத்த பைக்கற்றை மூக்கில் வைத்தால் மை மணம் தலைக்கு ஏறும். என் அட்டைகளில் அதோடு கோப்பிக் கறையும் இருந்தது. முன்பக்கம் படம். பின்பக்கம் பேர், பிறந்த தேதி, உயரம், எடை, பிறகு விளையாடிய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரி எண்கள். அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு ஆட்டம் கூட நாம் பார்த்ததில்லை. மாதத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பூசை முடிய, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சீமெந்துப் பிங்பொங் மேசையில் அட்டைகளைப் பரப்பி வைத்துச் சண்டை போட்டோம், அவ்வளவுதான்.

நீங்கள் எல்லோரும் ரூக்கி ரூக்கி என்று அலைந்தீர்கள். ரூக்கி என்றால் புதிதாக வந்த ஆட்டக்காரன், பின்னால் ஒரே ஒரு வரிதான் இருக்கும். பிற்காலத்தில் அதற்குத்தான் மதிப்பு வரும் என்று உங்களில் ஒருவன் இணையத்தில் வாசித்துவிட்டு வந்து வங்கி மனேஜர் மாதிரிப் பேசினான். எனக்குப் பழைய ஆட்கள்தான் வேண்டும். வெயிலில் காய்ந்த முகம், புகையிலை அதக்கிய கன்னம், பின்னால் எறும்பு ஊர்வது போல அடுக்கடுக்காக எண்கள். மூன்று ரூக்கியைக் கொடுத்து ஒரு கிழவனை வாங்குவேன். என்னை விசரி என்றீர்கள். ஆனால் ஒரு ரூக்கியை மட்டும் நான் கொடுக்கவில்லை. அமெரிக்காவுக்குக் கீழே ஏதோ ஒரு தீவில் பிறந்தவன், கறுவல், மெல்லிய பெடியன், முன்பல் இரண்டுக்கும் நடுவில் நீக்கல். நீங்கள் எல்லோரும் கேட்டது அதைத்தான். அதனால்தான் கொடுக்கவில்லை. வேறு காரணம் இல்லை.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தகப்பன் மன்னாரில் கடதாசிச் சீட்டு விளையாடியே வள்ளத்தை இழந்தவர். கையில் பிடிக்கிற அளவில் எந்த அட்டையைப் பார்த்தாலும் அம்மாவுக்கு அதுதான் தெரியும். நான் முதல் சேர்த்த கட்டைக் கிழித்து, பேப்பர் வாளிக்குள் கூடப் போடாமல் கண்ட குப்பையும் போடுகிற கறுப்பு வாளிக்குள் போட்டார். ஜெர்மன்காரி ஒருத்தி அதைப் பார்த்திருந்தால் பொலிஸுக்குப் போன் அடித்திருப்பாள்.

அம்மாவின் தம்பியை, என் மாமாவை, எனக்கு நினைவு தெரியாத காலத்தில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. மன்னாரில் இருந்த பெரியம்மாதான் அவரைத் தேடினார். முகாம், கந்தோர், ஆயர் இல்லம் என்று படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். சமாதானம் என்று பாதை திறந்த பிறகும் ஒருவரும் அவரைக் கண்டதாகச் சொல்லவில்லை. அந்த வருடம் பெரியம்மா ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் ஒரே விடயத்தைத்தான் கேட்டார். அம்மா ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பார். எனக்கு எல்லாம் கேட்கும்.

"பிள்ளை, எனக்குக் கால் ஏலாது. இன்னும் எத்தினை படி ஏறுறது? செத்தவனெண்டு அவனுக்கு ஒரு பூசையை வைச்சு விடுவம்."

"நான் எப்பிடியக்கா ஓமெண்டுறது?"

"நீ ஓமெண்டாத்தான் நான் ஆறி இருக்கலாம். இல்லாட்டி நடந்துகொண்டுதான் இருக்க வேணும்."

ஆவணியில் அம்மா சம்மதித்தார். கார்த்திகை மாதம், ஆத்துமாக்களின் மாதம், பூசை வைப்பது. படமும் பேரும் பிறந்த, செத்த தேதிகளும் போட்ட நினைவு அட்டையை இங்கே அச்சடித்து அனுப்புவது. மாமாவின் படம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பள்ளிக்கூட உதைபந்தாட்டக் கோஷ்டியோடு நிற்கிற படம். அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்தபோது சாம்பல் புள்ளிகள்தான் வந்தன. சிரிக்கிறாரா கண் கூசுகிறதா என்று கூடத் தெரியவில்லை. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார்.

அந்த நேரம் பார்த்துச் செம்பட்டைத் தலையனுக்கு ஈராக்குக்குப் போகச் சொல்லிக் கட்டளை வந்தது. அவன் தன் சப்பாத்துப் பெட்டி நிறைய அட்டைகளை அப்படியே அப்பாவிடம் கொடுத்துவிட்டான். என்னிடம் இருந்தவற்றையும் அதற்குள் போட்டு நான் கட்டிலுக்குக் கீழே ஒளித்தேன். அடுத்த சனிக்கிழமையே அம்மாவின் தூசி உறிஞ்சும் வாக்குவம் குழாய் அதில் முட்டியது.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பெட்டியைக் கொண்டுவந்து சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இஞ்சாருங்கோ, இதென்ன? திரும்பவும் கடதாசியே? பொம்பிளைப் பிள்ளையைச் சூதாடப் பழக்கிறியளோ?"

அப்பா நிமிரவில்லை. "கடதாசி இல்லையப்பா. நல்லாப் பாரும். பின்னாலை பேர் கிடக்கு, பிறந்த தேதி கிடக்கு."

"அதுக்கு?"

"செத்த பெடியள். ஈராக்கிலை. எங்கடை சமையற்காரன் தந்தவன், வீட்டிலை செபம் சொல்லச் சொல்லி."

அம்மா ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "எங்கடை நினைவு அட்டை மாதிரியோ?"

"ஓம் ஓம். அது மாதிரித்தான்."

"பொல்லோடை நிக்கிறான்?"

"படைக்குள்ளையும் விளையாட்டுக் கோஷ்டி இருக்குத்தானே. செத்தவனுக்கு நல்ல படம் பாத்துத்தானே போடுவினம்."

"செத்த தேதியைக் காணேல்லை."

"சண்டை இன்னும் முடியேல்லை. அவங்கள் அதெல்லாம் வெளியிலை விடமாட்டாங்கள்."

அம்மாவை முட்டாள் என்று நினைக்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அந்த மனுசன் சோற்றைப் பிசைந்தபடி ஒரு பதில் வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் அட்டைகளைக் காப்பாற்றிவிட்டார் அப்பா. இப்போது நினைத்தால் அந்தக் கண்ணைத் தோண்ட வேண்டும் போல இருக்கிறது.

அம்மா கைகளைக் கழுவிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி எண்களை விரலால் தொட்டார். வருடங்களைத்தான் அவரால் புரிந்துகொள்ள முடிந்தது. "இவன் பதினாறு வருசம் படையிலை நிண்டிருக்கிறான். பெஞ்சன் எடுக்கிற நேரத்திலை செத்திருக்கிறான்." ரூக்கிகளைப் பார்த்தபோது விரல் அந்த ஒரு வரியிலேயே நின்றது. "இது ஒரு வருசந்தான். ஐயோ, ஒரே ஒரு வரி." அந்த நீக்கல் பல்லுக்காரனிடம் வந்ததும் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு, "என்ரை தம்பி சிரிச்சா இப்பிடித்தான்" என்றார். அட்டையைச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். நீங்கள் எல்லோரும் கேட்ட அட்டை. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது, வேறெதுவும் இல்லை.

ஐப்பசியில் செபமாலை சொல்வதற்காக மாதாவின் சுருவச் சிலை வீடு வீடாகப் போகும். எங்கள் வீட்டு முறை வந்த அன்று நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். அம்மா சுருவத்தைச் சுற்றி அட்டைகளை நிறுத்தியிருந்தார், மெழுகுதிரிக்கும் செவ்வந்திப் பூவுக்கும் நடுவில். செபமாலையில் பத்துப் பத்து மணி உருட்டி முடிய ஒரு அட்டையைத் தூக்கி, எழுத்துக் கூட்டிப் பேரை வாசித்தார். அந்தத் தொந்திக் கிழவனின் அட்டை வந்தது நினைவிருக்கிறதா, முகமூடியும் மார்புக் கவசமுமாகக் குந்தியிருப்பானே, அவன். "இவருக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்று அம்மா சொன்னார். உங்களில் ஒருவன் குஷனைக் கடித்தான். இன்னொருத்திக்கு விக்கல். நான் அவளின் தொடையில் கிள்ளினேன், நானும் சிரித்துக்கொண்டுதான்.

பெரியவர்கள் சிரிக்கவில்லை. விக்கல் எடுத்தவளே, உன் அம்மா அன்று நிலத்தில் முகம் பட அழுதார். உனக்கு அது தெரியாது, நீ கழிவறைக்குச் சிரிக்க ஓடிவிட்டாய். அந்த அறையிலிருந்த பெண்கள் ஒருத்தியிடமும் தன் வீட்டுச் செத்தவனின் இவ்வளவு நல்ல படம் இருக்கவில்லை. நிறத்தோடு, பேரோடு, உயரம் எடையோடு. அமெரிக்கர்களுக்காக அழுகிறார்கள் என்று நாம் நினைத்தோம். மண்டுகள் நாம்.

அதோடு விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை. இத்தனை கூட்டாளிகளைப் பறிகொடுத்த பெடியன் தானும் சண்டைக்குப் போகிறான், போகமுன் அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றார். அப்பா நாளை மறுநாள் என்று இழுத்தார். ஒரு ஞாயிறு அப்பா வேலையில் இருக்கும்போது அம்மா ரோல்ஸ் சுட்டு, தட்டத்தை அலுமினியத் தாளால் மூடி, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நான் வாய். அம்மாவுக்கு நான் இல்லாமல் வாய் கிடையாது. நீங்களும் அப்படித்தானே வளர்ந்தீர்கள்? பன்னிரண்டு வயதில் நான் அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றி டொக்டரோடு பேசியிருக்கிறேன். வெளிநாட்டவர் கந்தோரில் கிளார்க் ஏசியதை மரியாதையாக்கிச் சொல்லியிருக்கிறேன். எதைச் சொல்வது எதை விடுவது என்பது எனக்குக் கைவந்த வேலை.

முகாம் வாசலில் முள்கம்பி, சீமெந்துக் கட்டைகள், துப்பாக்கி பிடித்த காவல்காரர். ரோல்ஸை நாய் மணந்து பார்த்தது. அப்பாவின் பேரைச் சொல்லி, அவரோடு வேலை செய்யும் செம்பட்டைத் தலைச் சமையற்காரனைக் கேட்டதும் உள்ளே தொலைபேசி எடுத்தார்கள். செம்பட்டைத் தலையன் ஏப்ரனோடு ஓடிவந்தான். இவ்வளவு இளையவன் என்று நான் நினைத்திருக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீயா அட்டை சேர்க்கிற அந்தக் கலெக்டர்? பெண் பிள்ளையா!" என்று கையைக் குலுக்கினான்.

அம்மா செபப் புத்தகத்தைத் திறந்து அந்த அட்டையை எடுத்தார். "கேள் பிள்ளை. இந்தப் பெடியனுக்குத் தாய் இருக்கிறாவோ? எப்பிடிச் செத்தவனாம்?"

உண்மையைக் கேட்டால் அப்பா மாட்டுப்படுவார், அட்டைகள் கறுப்பு வாளிக்குள் போகும். "அம்மா இவரைப் பற்றிக் கேட்கிறா" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவன் முகம் மலர்ந்தது. "இவனா? பத்திரமாக வைத்திரு. போன கிழமை கூட ஒன்று அடித்தான், பந்து மைதானத்துக்கு வெளியே!" கையை வீசிக் காட்டிச் சிரித்தான்.

அம்மா பயந்துவிட்டார். "ஏன் சிரிக்கிறான்? செத்தவனைப் பற்றிக் கேட்டா ஏன் சிரிக்கிறான்?"

ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னேன்.

"இவர் சாகேல்லையாம் அம்மா. உயிரோடை இருக்கிறாராம்."

"என்ன?"

"பிழையா அறிவிச்சுப் போட்டாங்களாம்."

அம்மா தட்டத்தை என் கையில் திணித்தார். அந்தச் சிப்பாயின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மாதாவே, மாதாவே" என்று ஓலம். காவல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்திருப்பான், சண்டைக்குப் போகிறவன்தானே. அம்மாவின் முதுகைத் தட்டினான். பிறகு வாசலிலேயே நின்று ரோல்ஸ் தின்றான், உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுக.

அவன் திரும்பி வந்தானா தெரியாது. அந்தச் சமையற்கூடத்துக்கு வரவில்லை என்று அப்பா சொன்னார். ஐப்பசி முழுவதும் எங்கள் வீட்டில் செபமாலை. பணமும் தேகசுகமுமாகப் பந்தடித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் சொன்னோம். உண்மையில் சண்டைக்குப் போன ஒரே ஒருவனுக்கு ஒரு மணி கூட உருட்டவில்லை. அம்மாவுக்கு அவனை நினைக்க நேரம் இல்லை. அவர் வேறொன்றை நினைக்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு தொலைபேசியில் அம்மா வெங்காயம் உரிக்கவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"அக்கா, பூசை வேண்டாம்."

"என்னடி சொல்லுறாய்? சுவாமியாரிட்டைத் தேதி எடுத்துப் போட்டன்."

"அமெரிக்கன்ரை ஆமியே பிழை விடுறாங்கள். செத்தவனெண்டு அட்டை அடிச்சுப் போட்டு இப்ப உயிரோடை இருக்கிறானாம். நான் என்ரை காதாலை கேட்டனான். தம்பியை ஆரும் செத்ததெண்டு கூடச் சொல்லேல்லையே அக்கா."

பெரியம்மா மெதுவாகக் கேட்டார். "நீ அங்கை இருந்து நம்பலாம் பிள்ளை. இஞ்சை போய்ப் பாக்கிறது ஆர்?"

"நீங்கள்தான் அக்கா. வேறை ஆர் இருக்கினம்?"

அப்பா அறை வாசலில் நின்றார். அவருக்கும் எல்லாம் கேட்டது. பிறகு என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். நான் கேட்டேன், "அப்பா, சொல்லுவமா?"

"இப்ப சொன்னா மாமாவை ரெண்டாந்தரம் சாக்கொல்லுறது மாதிரி. பேசாமல் இரு. கொஞ்ச நாளிலை தானா அடங்கிடும்."

தானாக எதுவும் அடங்கவில்லை. அப்பாதான் அடங்கினார், சில வருடங்களுக்கு முன், ஒரு சொல்லும் சொல்லாமல். அட்டைகளும் ஏதோ ஒரு வீடு மாறலில் தொலைந்துவிட்டன. எனக்கு அவை வேண்டவும் இல்லை. சமாதானம் முறிந்து, பெரிய சண்டை வந்து முடிந்து, சனம் முள்கம்பிக்குள் கிடந்து வெளியே வந்த காலம் முழுவதும் பெரியம்மா நடந்துகொண்டிருந்தார். யாரோ ஒரு தடுப்பு முகாமில் நீக்கல் பல்லோடு ஒருவரைக் கண்டதாகச் சொன்னால் பஸ் ஏறிவிடுவார். அம்மா இங்கிருந்து ஞாயிறு ஞாயிறாக, "போனீங்களோ அக்கா? என்னவாம்?" என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். நான் அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பள்ளி இறுதி அபித்தூர் வரை படித்தேன், வேலை எடுத்தேன், கட்டினேன், பிரிந்தேன். எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது.

போன வருடம் மன்னாருக்குப் போனேன். பெரியம்மாவின் கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. தேத்தண்ணி தந்துவிட்டு முன்னால் இருந்தார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை. பிறகு, கனகாலமாகக் கேட்க வைத்திருந்தது போல, கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"பிள்ளை, கொம்மா முந்தி ஒருக்காச் சொன்னவள். செத்ததெண்டு சொன்ன அமெரிக்கன் ஒருத்தன் உயிரோடை வந்தவனாம். அவனை எங்கை வைச்சிருந்தவங்களாம்? எப்பிடிப்பட்ட இடமாம்?"

அப்படியான இடம் இங்கேயும் இருக்கும், அங்கேயும் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

"எங்கையும் வைச்சிருக்கேல்லை பெரியம்மா. அவன் பந்து விளையாடுறவன். சாகவே இல்லை. அப்பா பொய் சொன்னவர். நான் அம்மாவுக்குப் பாதியைத்தான் மொழிபெயர்த்தனான்."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கணக்குச் சரி பார்ப்பவர் போல என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் நடந்ததெல்லாம்?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவினேன்.

பெரியம்மா அன்று பின்னேரமே கோயிலுக்குப் போய்ப் பூசைக்குப் பேர் கொடுத்தார். மறுநாள் காலையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். சுவாமியார் மாமாவின் பேரை வாசித்தார். பெரியம்மா அழவில்லை. வெளியே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைத்தார். "எனக்கு முடிஞ்சுது பிள்ளை. இனி ஒரு இடமும் போகமாட்டன். அவளுக்கு என்ன சொல்லுறதெண்டு நீ பார்" என்றார்.

பிராங்க்பேர்ட் விமான நிலையத்தில் அம்மா தள்ளுவண்டிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை. பயணம் எப்படி என்று கேட்கவில்லை. என் கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா இன்னும் போய்ப் பாக்கிறாவோ?"

"ஓம் அம்மா," என்றேன். "போறாவாம்."